ஒருவரும் மிதிக்காத நிலம்

அந்தக் கல்லை நிலத்தோடு ஒட்டிய பாறை என்றுதான் உதயகலா சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் வேலையின் தரம் பார்க்க வந்தவர் அதை இரண்டு விரலால் கிளப்பினார். ஆடிக்கொண்டிருந்த பல் விழுவதுபோல அது கழன்று வந்தது. கீழே சிவப்பு மண்ணுக்குள் சிரட்டையளவு மிதிவெடி ஒன்று கிடந்தது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். உதயகலாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

தெல்லிப்பழைக்கு வடக்கே, நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து பிறகு திறந்துவிடப்பட்ட தோட்டக் காணிகளில் அவர்கள் கண்ணிவெடி அகற்றினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு துண்டு. அதை லேன் என்பார்கள். முழங்காலில் இருந்தபடி ஒரு சாண் ஒரு சாணாக முன்னே போக வேண்டும். முடித்த லேனில் மற்றவர்கள் குனிந்து பார்க்காமல் நடப்பார்கள். அப்படி நடப்பதற்காகத்தான் அந்த வேலை. உதயகலா முடித்த லேனில் மூன்று நாளாக அடையாளத் தடிகளைச் சுமந்து போய்வந்தவள் ஆரணி. எத்தனை தரம் போய்வந்திருப்பாள் என்று உதயகலா திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். நாற்பதுக்குக் குறையாது. ஆரணியின் சப்பாத்துத் தடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை.

“என்னடி, செத்தவீட்டுக்கு வந்த ஆள்மாதிரி இருக்கிறாய்?” என்று ஆரணி தேத்தண்ணிக் கொட்டிலில் வைத்துக் கேட்டாள். “ரெண்டு கால். காலமையும் எண்ணிப் பாத்தனான். கூடவுமில்லை, குறையவுமில்லை.”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். உதயகலா சிரிக்க முயன்றாள். வாய் மட்டும் அசைந்தது.

மேற்பார்வையாளர் தேனுஜன் அண்ணை படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். உலோகம் காட்டும் டிடெக்ரர் கத்தினதா? ஓம், பக்கத்தில் ஒரு ஷெல் துண்டு இருந்தது, அதை எடுத்தாள். பிறகும் கத்தினதா? மெல்லிதாக முனகியது. சிவப்பு மண்ணில் இரும்பு இருக்கும், சில இடங்களில் அப்படி முனகும், அதனால் விட்டுவிட்டாள்.

“கல்லைப் பாத்தனியோ?”

“பாத்தனான் அண்ணை. கண்ணுக்குப் பாறைமாதிரித்தான் தெரிஞ்சது.”

அவர் ‘கண் தவறு’ என்று எழுதினார். அவள் கையெழுத்து வைத்தாள். அவளுடைய லேன் வேறொருத்திக்குப் போனது. அவளுக்குப் பத்து நாள் பயிற்சி, அது முடியச் சோதனை. சோதனையில் தேறினால் திரும்ப லேன். தேறாவிட்டால் இனி ஒருபோதும் லேன் இல்லை.

பயிற்சிக் காணியில் பொய் வெடிகள் புதைத்திருந்தார்கள். உதயகலா அங்கே கண்ணில் பட்ட கல்லையெல்லாம் கிளப்பினாள். புளியங்கொட்டையளவு கல்லைக்கூடத் திருப்பிப் பார்த்தாள். நாலு நாளில் முக்கால் மீற்றர்தான் போயிருந்தாள்.

“பிள்ளை, உந்த வேகத்திலை போனா இந்தக் காணி முடிய எங்கடை பேரப்பிள்ளையள்தான் வர வேணும்,” என்றார் தேனுஜன் அண்ணை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் அதற்குப் பிறகும் ஒவ்வொரு கல்லாகத்தான் திருப்பினாள். கண் ஒருதரம் ஏமாற்றிவிட்டது. ஏமாற்றுகிற கண்ணை வைத்துக்கொண்டு இன்னொருத்தியை எப்படி நடக்கவிடுவது? தேறினாலும் அந்தக் கேள்வி போகப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதி, திகதி போடாமல் வைத்திருந்தாள்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் பின்னேரம் நாலரைக்குக் கோப்பாயில், சனசமூக நிலையத்தில், விஞ்ஞான வகுப்பு. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தைக் கோட்டைவிட்ட பெரிய ஆட்களுக்கான வகுப்பு அது. ஒன்பது பேர் வருவார்கள். உதயகலா ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அந்தப் புதன்கிழமை போக மனமிருக்கவில்லை. ஆனாலும் கொப்பியில் ஒரு திகதி விடுபட்டுப் போவதை நினைக்கப் பொறுக்காமல் சைக்கிளை எடுத்தாள்.

படிப்பிக்கிற றொசாந்திக்கு இருபத்தைந்து வயது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். அவர்கள் அவளை ரீச்சர் என்பார்கள், அவள் அவர்களை அக்கா, அண்ணை என்பாள். அன்றைக்கு அவள் மட்டையில் ஒட்டிய பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள்.

“இது என்ன எண்டு நான் சொல்லமாட்டன். கையாலை கை மாத்திப் பாருங்கோ. பாத்திட்டு மூண்டு வசனம் எழுதுங்கோ. அவதானிப்பு மட்டும்தான், கற்பனை வேண்டாம்.”

படம் முழுக்கச் சாம்பல் நிறக் கல். சின்னதும் பெரிதுமாக, மேலும் கீழுமாக, எல்லை இல்லாமல் கல். புல் இல்லை, செடி இல்லை, வானமும் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து வெயில் அடித்திருந்தது.

மேசன் வேலை செய்கிற டிலக்ஷன் முதலில் வாங்கினான். “ரீச்சர், உது கட்டட வேலைக்கு ஆகாத கல். பாக்கத் தெரியுது. சுத்தியலாலை ஒண்டு போட்டா உதிர்ந்து போகும்.”

“எழுதச் சொன்னனான், டிலக்ஷன்.”

“எழுத்துப்பிழை வரும் ரீச்சர். அதான் வாயாலை.”

தையல்கடை இராசமலர் அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். “தண்ணி காணாத புட்டு. அதுவும் அடிப்பிடிச்சது. ஆர் அவிச்சது, டிலக்ஷன், உன்ரை பெண்சாதியோ?”

“அக்கா, எனக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை.”

“உந்தப் புட்டைப் பாத்தா இனியும் ஆகாது.”

படம் உதயகலாவிடம் வந்தபோது சிரிப்பு அடங்கவில்லை. அவள் அதை முன்னாலிருந்த வாங்கிலில் வைத்தாள். கோடு போடுகிற அடிமட்டத்தை எடுத்துப் படத்தின் கீழ் ஓரத்தில் குறுக்கே வைத்தாள். அதற்கு மேலே ஒரு விரலகலத்தை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். பிறகு அடிமட்டத்தை ஒரு விரலகலம் மேலே தள்ளினாள். மறுபடியும் இடமிருந்து வலமாகப் பார்த்தாள். தான் என்ன செய்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்து வருடமாக நிலத்தை அவள் இப்படித்தான் பார்த்து வந்தாள்.

“அக்கா, படத்திலை வெடி இல்லை. பயப்பிடாமல் பாருங்கோ,” என்றான் டிலக்ஷன். நடந்தது அவனுக்குத் தெரியாது. உதயகலாவின் காது சூடாகியது. ஆனால் அடிமட்டத்தை நிறுத்தவில்லை. மேல் ஓரம் வரை போய் முடித்துவிட்டுத்தான் எழுதினாள். மூன்றுக்குப் பதிலாக ஏழு வசனம் வந்தது.

எல்லாரும் கொடுத்து முடித்ததும் றொசாந்தி படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“இது பூமியில்லை.”

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பென்னு எண்டு ஒரு சிறுகோள். சூரியனைச் சுத்துற ஒரு கல்லுக்கும்பி. ஒரு விண்கலம் போய்க் கிட்ட நிண்டு எடுத்த படம். எடுக்கேக்கை அது எங்களுக்கு முப்பது கோடிக் கிலோமீற்றருக்கும் அங்காலை. நிறம் உண்மையிலை இப்பிடியில்லை, கரியை விடக் கறுப்பு. படத்திலை வெளிச்சம் கூட்டியிருக்கினம். இதிலை இருக்கிற சாமான் பூமி உண்டாகிறதுக்கு முந்தினது.”

“முந்தினது எண்டா?” என்று கேட்டாள் இராசமலர் அக்கா.

“எங்கடை கடல், மண், இந்தச் சுண்ணாம்புக் கல், ஒண்டும் இல்லாத காலம் அக்கா. நானூற்றைம்பது கோடி வருஷம்.”

“இது எவ்வளவு பெரிசு ரீச்சர்?” டிலக்ஷனின் குரல் மாறியிருந்தது.

“முழுக்கோளும் குறுக்கே அரைக் கிலோமீற்றர்தான். ஆனா இந்த மூலையிலை தெரியிற கல், இந்தா, இது நாங்கள் இருக்கிற கட்டடத்தை விடப் பெரிசு.”

அவள் விரல் வைத்த கல்லை உதயகலா உள்ளங்கையளவு என்று நினைத்திருந்தாள். முழுப் படத்தையும் ஒரு மீற்றர் அகலமான லேன் என்று நினைத்திருந்தாள். படம் அசையவில்லை, அவள்தான் அதற்குள் விழுந்தாள். கூழாங்கல்லெல்லாம் மாடிவீடாகின. கல்லுக்கு நடுவே ஊசிபோல ஓடிய நிழல்கள் ஒழுங்கைகளாகின.

டிலக்ஷன் எழும்பிப் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றான். “என்ரை சைக்கிளை இந்தக் கல்லோடை சாத்தி வைச்சா?”

“வடிவாத் தெரியாது. ஒரு புள்ளி.”

அவன் சுட்டுவிரலால் புள்ளியளவு ஓர் இடத்தைத் தேடினான். தேடி, வைத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். ஒருவர் தங்கள் வீட்டுக் கிணற்றை வைத்துப் பார்த்தார். இன்னொருவர் பருத்தித்துறை பஸ் எந்த இரண்டு கல்லுக்கு நடுவில் நிற்கும் என்று அளந்தார். கோயில் கோபுரத்தை வைக்கலாமோ என்று ஒருவர் கேட்க, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று விவாதம் நடந்தது. இராசமலர் அக்கா ஒன்றையும் வைக்கவில்லை. அவள் படத்தை விரல் நுனியால் தொட்டாள். பிறகு, தீபத்தைத் தொட்டு ஒற்றுவதுபோல, அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புட்டென்று சொன்னதை அவளுக்கு இப்போது ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

உதயகலா இருந்த இடத்திலிருந்தபடியே ஆரணியை அதில் வைத்தாள். தடிக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே பார்க்காமல், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடக்கிற ஆரணி. எள்ளில் பாதியளவு.

“ரீச்சர்,” என்றாள். “அதிலை ஆராவது எதையாவது புதைச்சிருப்பினமோ?”

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். உதயகலா என்ன வேலை செய்கிறாள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். சிரிப்பு பாதியில் நின்றது.

“இல்லை அக்கா,” என்றாள் றொசாந்தி மெதுவாக. “ஒருத்தருமே போனதில்லை. கால் பட்டதேயில்லை.”

அப்படி ஒரு நிலம் இருக்கும் என்று உதயகலா நினைத்ததே கிடையாது. அவள் பார்த்த ஒவ்வொரு சாண் நிலத்துக்கும் முன்னால் யாரோ வந்து போயிருந்தார்கள். வெட்டினார்கள், விதைத்தார்கள், ஒளித்தார்கள், புதைத்தார்கள். நிலம் என்றால் அவளுக்கு அதுதான். இங்கே கல் கிடந்தது, அவ்வளவுதான். எந்தக் கல்லையும் யாரும் தூக்கி வைக்கவில்லை. யாரையும் நினைத்து வைக்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. பயமா, ஆசையா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

றொசாந்தி தாள்களை எடுத்து வாசித்தாள். உதயகலாவின் தாளில் கடைசி வசனம், “ஒரு மீற்றரைத் துப்புரவாக்க ஒன்றரை நாள் செல்லும்.” வகுப்பு வெடித்துச் சிரித்தது. உதயகலாவும் சிரித்தாள், நாலு நாளைக்குப் பிறகு முதல் தரமாக. றொசாந்தி சிரித்துக்கொண்டே முதல் வசனத்துக்குத் திரும்பினாள். மூன்றாவது வசனத்தில் அவளுடைய சிரிப்பு நின்றது. அதிலிருந்து நாலு வசனத்தை இரண்டாம் தரம் உரத்து வாசித்தாள்.

“அடிப்பாறை எங்கும் இல்லை. எல்லாம் கழன்ற கல். தடியைக் குத்தினால் போய்க்கொண்டே இருக்கும். ஆளைத் தாங்காது.”

“அளவுதான் பிழை ரீச்சர்,” என்றாள் உதயகலா அவசரமாக. “மன்னிக்க வேணும். நான் எல்லாத்தையும் சின்னக் கல்லெண்டு நினைச்சிட்டன்.”

“அளவை விடுங்கோ அக்கா. விண்கலம் போய் ரெண்டு வருஷம் சுத்திச் சுத்திப் படம் எடுத்து, மேடு பள்ளமெல்லாம் அளந்து, பேந்துதான் ஒரு கையை நீட்டித் தரையைத் தொட்டது. கொஞ்சமாவது எதிர்த்து நிக்கும் எண்டுதான் எதிர்பாத்தவை. நிக்கேல்லை. நெல்லுக் குவியலுக்கை கை விட்ட மாதிரி அரை மீற்றர் உள்ளுக்குப் போட்டுது. உடனே மேலை எழும்பியிருக்காட்டி இன்னும் போயிருக்குமாம். அவைக்கே அதிசயம்.” அவள் தாளைத் தாழ்த்தினாள். “நீங்கள் எதைப் பாத்து உதை எழுதினனீங்கள்?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உதயகலா எழும்பினாள். படத்துக்குக் கிட்டப் போய் ஒரு கல்லின் விளிம்பைக் காட்டினாள்.

“ஒட்டின பாறையெண்டா அடியைச் சுத்தி மண் ஏறி இருக்கும். நிழல் விளிம்போடை நிண்டிடும். இதிலை பாருங்கோ, நிழல் கல்லுக்குக் கீழை நுழைஞ்சு போகுது. இதிலையும். இதிலையும். கீழை வெறும் வெளி. கல்லுக்கு மேலை கல் சும்மா வைச்ச மாதிரி. நிழல் உள்ளுக்குப் போனா அந்தக் கல் கழன்ற…”

அதோடு அவள் நின்றாள்.

“கழன்ற கல்,” என்று டிலக்ஷன் முடித்து வைத்தான். “அக்கா, அப்பிடியே மேசன் வேலைக்கும் வாங்கோ.”

உதயகலா கேட்கவில்லை. வேறொரு கல் அவள் கண்ணுக்கு முன் வந்து நின்றது. சிவப்பு மண், பின்னேரத்துக்குச் சாய்ந்த வெயில், கல்லின் வலப்பக்க விளிம்பு. அதற்குக் கீழே ஒரு நூலளவு நிழல் உள்ளே போயிருந்தது. அவள் அதைக் கண்டிருந்தாள். கண் ஏமாற்றவில்லை. கண் சரியாகத்தான் சொன்னது.

மற்றவர்கள் போன பிறகும் அவள் படத்துக்கு முன்னால் நின்றாள். வெளிச்சம் குறையக் குறையக் கற்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன. அங்கே ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளிக்க ஆளுமில்லை. கண்டதைக் காணவில்லை என்று சொல்வதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, எல்லாரும் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த கொட்டிலில், அவள் தேனுஜன் அண்ணைக்கு முன்னால் போய் நின்றாள். ஆரணி மூன்றடி தள்ளி இருந்தாள். அவள் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்று உதயகலா தீர்மானித்திருந்தாள்.

“அண்ணை, நான் கையெழுத்து வைச்ச படிவம் பிழை.”

“எது பிழை?”

“கண் தவறெண்டது. கல்லுக்குக் கீழை நிழல் போயிருந்தது. அது கழண்ட கல்லெண்டு கண்டனான்.”

ஆரணியின் கை சப்பாத்துக் கயிற்றில் நின்றது.

“கண்டனியோ?” என்றார் தேனுஜன் அண்ணை. “பேந்து ஏன் விட்டனி?”

“வேலை முடிய அஞ்சு நிமிசம்தான் இருந்தது. கல்லைக் கிளப்ப வெளிக்கிட்டா அண்டைக்கு அந்தத் துண்டு முடியாது. பாறையா இருக்கட்டும் எண்டு நினைச்சன். நினைச்சு நினைச்சு, பேந்து பாறையெண்டே நம்பிட்டன்.”

அவர் பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தார். “இதை எழுதினா உன்னை நிப்பாட்டவும் கூடும். விளங்குதோ?”

“ஓம்.”

“இவ்வளவு நாளும் சொல்லாமல் இப்ப ஏன் சொல்லுறாய்?”

படத்தைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “இப்பதான் எனக்கே தெரிஞ்சது அண்ணை,” என்றாள். அது உண்மைதான்.

அவர் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். ஆரணி கயிற்றைக் கட்டி முடித்து, எழும்பி, ஒரு பகிடியும் விடாமல் காணிக்குள் போனாள். அன்றைக்கும் அடுத்த கிழமையும் அவள் உதயகலாவோடு கதைக்கவில்லை.

அலுவலகத்திலிருந்து முடிவு வர ஒன்பது நாள் எடுத்தது. நிறுத்தவில்லை. பயிற்சியை ஒரு மாதமாக்கினார்கள், சோதனைக்கு வெளியாள் ஒருவர் வருவார் என்றார்கள். அந்த ஒரு மாதமும் உதயகலா எல்லாக் கல்லையும் கிளப்பவில்லை. முகத்தடுப்போடு கன்னத்தை நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு கல்லின் விளிம்புக்குக் கீழும் பார்த்தாள். நிழல் நின்ற கல்லை விட்டாள். நிழல் போன கல்லைக் கிளப்பினாள். வேகம் வந்தது. சோதனையில் புதைத்திருந்தவை ஆறு, அவள் கண்டுபிடித்தது ஆறு. தேனுஜன் அண்ணை படிவத்தில் ஒரு சரி போட்டுவிட்டு, “போய்த் தேத்தண்ணி குடி,” என்றார்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவளுக்குப் புது லேன் கிடைத்தது. ஒரு காலத்தில் வெங்காயம் நட்ட காணி. காலை வெயில் இன்னும் சரிவாக இருந்தது. அவள் குனிந்து கன்னத்தைத் தாழ்த்தினாள்.

அந்த உயரத்தில் சிவப்பு மண் ஊர்போல விரிந்தது. ஒரு கட்டி குன்றாக நின்றது. இரண்டு சுண்ணாம்புக் கல்லுக்கு நடுவே நிழல் ஒரு பள்ளத்தாக்காக ஓடியது. எறும்பு ஒன்று அதற்குள் இறங்கி, வெகுநேரம் கழித்து மறுகரையில் ஏறியது. எவ்வளவு பெரிய இடம் இது என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு சாண் நிலம். இதுவும் ஒரு காலத்தில் எங்கோ சுற்றிக்கொண்டிருந்த கறுப்புக் கல்லாக இருந்திருக்கும். அவள் மூச்சை மெதுவாக விட்டாள்.

பதினொரு மணிக்குள் இரண்டு மீற்றர் முடிந்தது.

“வரலாமோ?”

லேனின் வாசலில் ஆரணி நின்றாள். ஒருத்தியின் லேனுக்குள் இன்னொருத்தி கால் வைக்குமுன் கேட்பதும், உள்ளே இருப்பவள் வேலையை நிறுத்தி மறுமொழி சொல்வதும் விதி. முன்பெல்லாம் ஆரணி பாதி லேன் நடந்துவந்துதான் கேட்பாள். இன்றைக்கு அவளுடைய சப்பாத்தின் நுனி லேனின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே இருந்தது.

உதயகலா எழும்பி நின்று முகத்தடுப்பை உயர்த்தினாள். வா என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது.

“பொறு,” என்றாள்.

திரும்பினாள். முடித்த இரண்டு மீற்றரையும், ஆரணியின் பக்கத்திலிருந்து தன் காலடி வரைக்கும், கல் கல்லாகப் பார்த்தாள். ஆரணி வெயிலில் காத்து நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

“இப்ப வா.”

ஆரணி ஒருதரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்க்காமல் காலை எடுத்து வைத்தாள்.